ஆர்மிஸ்டன் கார்ஜ்: பாலைவன மடுவில் ஓர் இரவும் இரண்டு பகலும்

ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து காலையில் கிளம்பும் சுற்றுலா வண்டிகள் ஆர்மிஸ்டன் கார்ஜ் என்னும் மலையிடுக்கை அடையும்போது பெரும்பாலும் வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும். இறங்கிய கூட்டம் மடுவரை நடக்கும், கால் நனைக்கும், படம் எடுக்கும், மதியச் சாப்பாடு முடிந்ததும் வண்டி ஏறிவிடும். அந்த நேரத்தில் கங்காருவின் சின்ன உறவான வாலபிகள் பாறை நிழலில் முடங்கிக் கிடக்கும். பறவைகள் பாதி அடங்கியிருக்கும். நடைப்பாதைகளில் கால் வைத்தால் கொதிக்கும். எனவே புதிதாகப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: ஒரு நாள் பயணமாகப் போகாதீர்கள், ஓர் இரவு தங்குங்கள். மாலை, அதிகாலை இரண்டும் கையில் இருந்தால்தான் நடை, நீச்சல், விலங்குகள் மூன்றும் கிடைக்கும். கீழே சொல்லும் எல்லாமே அந்த ஓர் இரவை மனதில் வைத்துத்தான்.

இடம் ஆஸ்திரேலியாவின் நடுவில், வட பிரதேசத்தில் இருக்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே சுமார் 135 கி.மீ. மேற்கு மெக்டொனல் மலைத்தொடரின் பெரும்பகுதியைத் தழுவிய தேசியப் பூங்காவுக்குள் வருகிறது; மேற்கு அரண்டா பழங்குடி மக்களின் மண். மலையை அறுத்துக்கொண்டு வரும் ஆர்மிஸ்டன் ஓடை ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல்தான். ஆனால் அது மலையிடுக்கைவிட்டு வெளியேறும் தென்முனையில் ஆழமான மடு ஒன்று உண்டு. ஆழமான இடத்தில் 14 மீட்டர் வரை போகும், வற்றுவது மிக அரிது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஆண்டுக்கு 280 மி.மீ. அளவில்தான் மழை. அப்படிப்பட்ட ஊரில் வற்றாத மடு என்றால் சுற்றுவட்டாரத்து உயிர்கள் எல்லாம் அங்கே வந்துதானே ஆக வேண்டும்?

உலுரு என்னும் பெரும்பாறைக்குப் போகும் வழியில் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அது நடக்காது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து உலுரு 450 கி.மீ. அளவு தூரம், திசையும் வேறு. இரண்டையும் பார்க்க ஆசை என்றால் தனித்தனியாக நாள் ஒதுக்குங்கள்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

இதில்தான் சிக்கல் அதிகம். நடக்க ஏற்ற மாதத்தில் தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும். நீந்த ஏற்ற மாதத்தில் நடை உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஜூலையில் பகல் வெப்பம் 20 டிகிரி அளவில் இருக்கும். நாள் முழுக்க நடக்கலாம். ஆனால் இரவில் 4 டிகிரிக்கு இறங்கும், பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் இரவுகளும் உண்டு. மடு அப்போது ஐஸ் தண்ணீர்தான். ஜனவரியில் இதற்கு நேர் எதிர்: பகலின் சராசரி உச்சமே 36 டிகிரி, 40ஐத் தாண்டுவது சாதாரணம். வெப்பம் கடுமையாகும்போது சில நடைப்பாதைகளை மூடிவிடுவதும் உண்டு.

இரண்டும் வேண்டும் என்றால் ஏப்ரல் மாதம்தான் என் தேர்வு. கோடையின் சூடு தண்ணீரில் மிச்சமிருக்கும், நடக்கவும் உடம்பு ஒத்துழைக்கும். அடுத்தபடியாகச் செப்டம்பர், அப்போது காற்று சூடேறியிருக்கும், தண்ணீர் மட்டும் இன்னும் குளிர்காலத்திலேயே இருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை போனால் விடியலில் ஒரு சின்ன நடை, பிறகு தண்ணீரும் நிழலும் என்று திட்டத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியப் பள்ளி விடுமுறை வரும் ஏப்ரல் நடுவிலும், ஜூன் கடைசி, ஜூலையிலும் தங்க இடம் கிடைப்பது கடினம்.

அனுமதியும் முன்பதிவும்

இரண்டு தனித்தனிச் செலவுகள். முதலாவது பூங்கா அனுமதிச் சீட்டு. வெளிமாநிலத்தாருக்கும் வெளிநாட்டாருக்கும் இது 2023இல் கட்டாயமானது. அப்போது பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளுக்கு 10 ஆஸ்திரேலிய டாலர், இரண்டு வாரத்துக்கு 30, ஓராண்டுக்கு 60 என்று நிர்ணயித்தார்கள். வட பிரதேசத்திலேயே குடியிருப்பவர்களுக்குத் தேவையில்லை. இரண்டாவது, கூடாரம் போடும் இடத்துக்கான கட்டணம். இதையும் இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால், வழியில் செல்பேசிச் சிக்னல் இல்லாததால் பதிவு செய்யவும் வழியிருக்காது. புறப்படுவதற்கு முந்தைய நாள் பூங்காத் துறையின் இணையதளத்தில் ஆர்மிஸ்டன் பக்கத்தைத் திறந்து, பாதை மூடல், நீர்த் தரம், காட்டுத்தீ அறிவிப்புகளைப் பாருங்கள்.

கூடார மைதானம் மடுவிலிருந்து சில நிமிட நடைதான். கழிப்பறை, குளியலறை, எரிவாயு அடுப்பு எல்லாம் உண்டு. பாலைவனத்தின் நடுவில் இது பெரிய சொகுசு; லாராபிண்டா என்னும் நெடும்பாதையில் நாள்கணக்கில் நடந்து வருகிறவர்கள் இங்கே குளிப்பதை எண்ணியே கடைசி மைல்களைக் கடப்பார்கள். சிறிய கடை ஒன்று பருவகாலத்தில் திறந்திருக்கும். அதை நம்பி உணவில்லாமல் போக வேண்டாம். நாய் கூட்டிப்போக அனுமதி இல்லை. ட்ரோன் பறக்கவிடத் தனி அனுமதி வேண்டும்.

வண்டியும் சாலையும்

ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து லாராபிண்டா சாலையில் மேற்கே போய், பிறகு வலப்புறம் பிரியும் நமட்ஜிரா சாலையைப் பிடிக்க வேண்டும். மடு வரைக்கும் தார்ச்சாலைதான், சாதாரண கார் போதும். நிறுத்தாமல் ஓட்டினால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகலாம். வண்டி வாடகைக்கு எடுக்கும்போது இரண்டு விஷயங்களை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்: மண்சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்றும், நகருக்கு வெளியே இருட்டிய பின் ஓட்டக்கூடாது என்றும் பல நிறுவனங்கள் எழுதியிருக்கும். இரண்டாவது நிபந்தனை நம் நன்மைக்குத்தான். அந்தி மயங்கியதும் கங்காருக்களும் மாடுகளும் சாலைக்கு வந்துவிடும். வண்டி விளக்கைக் கண்டால் விலகிப் போகாமல் குறுக்கே பாயும்.

பெட்ரோலை நகரிலேயே முழுக்க நிரப்புங்கள். போக வர 270 கி.மீ., பக்கத்து மடுக்களையும் பார்த்தால் இன்னும் கூடும். செல்பேசிச் சிக்னல் நகரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும். வரைபடத்தை முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தனியாக நடப்பவர்கள் செயற்கைக்கோள் வழியாக இருப்பிடம் காட்டும் அவசரக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது நல்லது.

அந்தச் சாலையின் பெயருக்குரியவர் ஆல்பர்ட் நமட்ஜிரா (1902–1959), இதே மண்ணில் பிறந்த அரண்டா ஓவியர். ஊதா மலை, வெள்ளை மரம், சிவந்த மண் என்று அவர் நீர்வண்ணத்தில் தீட்டியதைப் பார்த்தால் வண்ணத்தைக் கூட்டிவிட்டாரோ என்று சந்தேகம் வரும். இந்தச் சாலையில் ஒரு மாலை நேரம் போனால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

என்னென்ன எடுத்துப் போவது

தண்ணீர்தான் முதல், இரண்டாவது, மூன்றாவது எல்லாம். நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆளுக்கு ஒரு லிட்டர் என்பது அங்கே சொல்லப்படும் கணக்கு. வியர்ப்பதே தெரியாத அளவுக்குக் காற்று வறண்டிருப்பதால் தாகம் எடுக்கும்வரை காத்திருந்தால் ஏற்கெனவே தாமதம். வண்டியில் உபரியாக ஆளுக்குப் பத்து லிட்டர் இருக்கட்டும்.

அகலமான விளிம்புள்ள தொப்பி, முழுக்கைச் சட்டை, கணுக்காலைத் தாங்கும் காலணி. பவுண்ட் என்பது மலைகள் வளைத்து நிற்கும் சமவெளி; செருப்போடு அந்தப் பவுண்ட் நடைக்குப் போகிறவர்களை அங்கே அவ்வப்போது பார்க்கலாம், பாதி வழியில் உருளைக்கல் படுகையில் திண்டாடுவதையும். ஸ்பினிஃபெக்ஸ் என்னும் புல் கொத்துக்கொத்தாக வளர்ந்திருக்கும். பார்க்க மெத்தை மாதிரி இருக்கும், உட்கார்ந்தால் ஊசி. தடித்த துணியில் முழுக்கால்சட்டை போட்டால் தப்பிக்கலாம். சூடான மாதங்களில் ஈக்கள் கண்ணையும் மூக்கையும் விடாது; தொப்பிமேல் போடும் வலை சில டாலர்தான், கூச்சப்படாமல் வாங்கிவிடுங்கள். உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம்கூட வரலாம், வாஸ்லின் கைவசம் இருக்கட்டும்.

குளிர்காலத்தில் பூஜ்ஜியம் டிகிரியைத் தாங்கும் தூக்கப்பையும் கம்பளித் தொப்பியும் வேண்டும். பாலைவனம் என்றதும் போர்வையை விட்டுவிட்டு வருகிறவர்கள் இரவு முழுக்கக் காருக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இருகண்நோக்கி, நீந்த மிதவை, தலைவிளக்கு இந்த மூன்றையும் மறக்க வேண்டாம். உணவுக்குக் கட்டுச்சோறும் பழமும் போதும். சமைக்க விறகு பொறுக்கக் கூடாது.

வந்து சேர்ந்த மாலை

பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேரப் பாருங்கள். கூடாரம் போடும்போது நிழல் தேடிப் பெரிய ரெட் கம் மரத்தடியை நாட வேண்டாம். ஆற்றோரம் வளரும் இந்த மரங்கள் காற்றே இல்லாத நாளிலும் பெரிய கிளையை முறித்துப் போடும்.

வண்டி நிறுத்துமிடத்திலேயே முதல் விருந்தாளிகள் வரவேற்பார்கள். செம்மண் நிறம், தலையில் கூரான கொண்டை, முகத்தில் சிவப்பு: ஸ்பினிஃபெக்ஸ் புறா. பறப்பதைவிடக் குடுகுடுவென்று ஓடுவதில்தான் அதற்கு விருப்பம். காலுக்கு அடியிலேயே மேயும். மனிதரைப் பார்த்துப் பழகிவிட்டது. எதுவும் போடாதீர்கள்.

வெயில் சாயத் தொடங்கியதும் கோஸ்ட் கம் பாதையில் ஏறுங்கள். சுற்றி வர 2.5 கி.மீ., ஒன்றரை மணி நேரம். ஆரம்பத்திலேயே படிகள் செங்குத்தாக ஏறும். மூச்சு வாங்கும், ஆனால் நீளம் குறைவு. மேலே பாறை விளிம்பில் ஒற்றைக் கோஸ்ட் கம் மரம் நிற்கும். பால் வெள்ளைப் பட்டை, பின்னால் சிவந்த சுவர், கீழே மடு. முட்டிவலி உள்ளவர்கள் இந்தக் காட்சிமேடை வரை வந்து திரும்பினாலே போதும். மற்றவர்கள் விளிம்போரமாகவே நடந்து, மலையிடுக்கின் தரைக்கு இறங்கி, ஓடைப் படுகை வழியே மடுவுக்குத் திரும்பலாம்.

அந்தப் படுகையில் நின்று சுவரை அண்ணாந்து பாருங்கள். குவார்ட்ஸைட் பாறை, 80 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆழமற்ற கடலோரத்து மணல் இறுகி உருவானது. பின்னால் நிலம் நெருக்குண்டு மலைகள் எழுந்தபோது இங்கே ஒரு பாறை அடுக்கு முறிந்து அதே அடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. பக்கத்து மலையிடுக்குகளைவிட ஆர்மிஸ்டன் சுவர் இவ்வளவு உயரமாக இருப்பதற்குக் காரணம் அந்த இரட்டை அடுக்கு. சில பலகைப் பாறைகளில் பழைய கடலலை விட்டுப்போன வரிகளை விரலால் தடவலாம்.

சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை மடுக்கரையில் சும்மா உட்காருவதற்கு ஒதுக்குங்கள். இதுதான் விலங்கு பார்க்கும் நேரம். மடுவுக்கு மேலே பாறைச் சரிவைக் கண்ணால் துழாவுங்கள். கருங்கால் பாறை வாலபி அசையாமல் நின்றால் பாறையோடு பாறையாகத்தான் தெரியும். பழுப்பு உடல், கன்னத்தில் வெளிர் கோடு, நீண்ட கருத்த வால். அந்த வால்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்தடுத்து நான்கைந்து கண்ணில் படும். உள்ளங்காலில் சொரசொரப்பான திண்டு இருப்பதால் வழுக்குப்பாறையில் ஏறி இறங்குவது அதற்கு விளையாட்டு. பாறையிடுக்கில் வளரும் காட்டத்திப் பழம் அதற்கு விருப்ப உணவு. கிட்டே போக முயன்றால் ஓடிவிடும். இருபது நிமிடம் பேசாமல் இருந்தால் அதுவே இறங்கி வரும்.

நரியும் பூனையும் வெளியிலிருந்து வந்து பெருகியதால் பல இடங்களில் இந்த வாலபி அற்றுப்போய்விட்டது. இந்த மலைத்தொடரில் இன்னும் நிலைத்திருப்பது நம் அதிர்ஷ்டம். இதே மலைகளில் வாழும் மத்தியப் பாறை எலி அழிந்தே போனது என்று எல்லாரும் முடிவு கட்டிய பிறகு 1996இல் மறுபடி தட்டுப்பட்டது. அதைப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்கு வரப்போவதில்லை, இருந்தாலும் அது எங்கோ பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்து நடப்பதில் ஒரு சுவை இருக்கிறது.

இரவு

உணவை வெளியே வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். டிங்கோ என்னும் காட்டு நாய் ஓசையில்லாமல் வந்து செருப்பைக்கூடத் தூக்கிக்கொண்டு போகும். எல்லாவற்றையும் வண்டிக்குள் பூட்டுங்கள். குழந்தைகளைத் தனியாக அலைய விடாதீர்கள். டிங்கோ எதிரே வந்தால் ஓடாமல் நிமிர்ந்து நின்று, அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்க வேண்டும். கழிப்பறைக்குப் போகும்போது தலைவிளக்கோடு, காலணி போட்டுக்கொண்டு போங்கள். முல்கா பாம்பும் மேற்கத்திய பழுப்புப் பாம்பும் இந்தப் பகுதியில் உண்டு, இரண்டும் கடும் விஷம். குளிர்மாதங்களில் பாம்பைக் காண்பது அரிது.

விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்சம் வெளியே உட்காருங்கள். தமிழ்நாட்டில் தெற்கே தாழ்வாகத் தெரியும் திரிசங்கு, மே, ஜூன் மாத முன்னிரவுகளில் இங்கே நல்ல உயரத்தில் நிற்கும். பால்வெளி வானத்தைக் குறுக்கே பிளந்துகொண்டு போகும்.

விடிந்ததும் பவுண்ட் நடை

ஒரே ஒரு நடைக்குத்தான் தெம்பு என்றால் அது இதுவாக இருக்கட்டும். மேற்கு மெக்டொனல் மலையில் உள்ள அரை நாள் நடைகளில் இதற்கு ஈடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. சுற்றுப்பாதை, 9 கி.மீ. அளவு, மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆகும். ஜூன், ஜூலையில் சூரியன் உதிக்கவே காலை 7 மணி தாண்டும், எனவே அந்த மாதங்களில் இருட்டோடு எழ வேண்டியதில்லை. சூடான மாதங்களில் வெளுக்கும்போதே கிளம்பி, 10 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

கிளம்பும் முன் ஒரு வேலை: மடுவின் நீர்மட்டத்தைப் பாருங்கள். பாதையின் கடைசிப் பகுதி மலையிடுக்கு வழியாக மடுவை ஒட்டியே வருகிறது. மழை பெய்து மடு நிரம்பியிருந்தால் கரையோரம் இடமிருக்காது, இடுப்பளவு தண்ணீரில் நடக்கவோ நீந்தவோ நேரும். அப்போது செல்பேசியையும் காமிராவையும் போட நீர் புகாத பை வேண்டும். சந்தேகமாக இருந்தால் வந்த வழியே திரும்பும் திட்டத்தோடு போங்கள்.

பார்வையாளர் மையத்தின் பக்கத்திலிருந்து முதலில் கிழக்குப் பக்கக் குன்றுகளில் ஏறும் வழியில் போங்கள். முதல் ஒரு மணி நேரம் ஸ்பினிஃபெக்ஸ் சரிவுகள். இங்கே சின்னப் பறவை ஒன்று எலி மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு பாறைக்குப் பாறை ஓடினால் அது டஸ்கி கிராஸ்ரென். பறவை ஆர்வலர்கள் இதற்காகவே உலகின் மறுகோடியிலிருந்து வருகிறார்கள்.

கணவாய்மேட்டை எட்டியதும் பவுண்ட் கண்முன் விரியும். சுற்றிலும் மலை வளையம், நடுவில் அகன்ற சமவெளி, கிழக்கே 1,389 மீட்டர் உயர கைல்ஸ் மலை. மேட்டிலிருந்து ஒரு சிறு கிளைப்பாதை காட்சிமேடைக்குப் போகும், விட்டுவிடாதீர்கள். காலைச் சிற்றுண்டிக்கு அதுதான் இடம்.

பிறகு பாதை சமவெளிக்கு இறங்கும். இந்தப் பகுதியில் நிழல் கிடையாது, வழியும் சில இடங்களில் மங்கலாக இருக்கும்; அம்புக்குறிக் கம்பங்களைத் தவறவிடாமல் ஒன்றிலிருந்து அடுத்ததைக் கண்டுகொண்டு நடங்கள். காலடியில் அடர்த்தியாக வளர்ந்திருக்கும் புல்லை உற்றுப் பாருங்கள், கொங்குப் பக்கத்தார் என்றால் அடையாளம் தெரிந்துவிடும். காங்கேயத்துக் கொறங்காடுகளில் மாடு மேயும் கொழுக்கட்டைப் புல் இனம்தான் இது. இங்கே பஃபல் புல் என்கிறார்கள். ஒட்டகச் சேணத்துக்குள் திணித்த புல்லோடு முதலில் வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள். பிற்பாடு தீவனத்துக்காகவும் புழுதியை அடக்கவும் வேண்டுமென்றே விதைத்தார்கள். நம் ஊரில் வரம், இங்கே சாபம். காய்ந்தால் உள்ளூர்ப் புல்லைவிடச் சூடாக எரிந்து மரங்களையும் சேர்த்துக் கொல்கிறது, உள்ளூர்ச் செடிகளை முளைக்க விடுவதில்லை. நடை முடிந்ததும் காலுறையில் ஒட்டிய விதையை அங்கேயே பிய்த்துக் குப்பைப் பையில் போடுங்கள். அடுத்த மடுவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம்.

பச்சைப் பறவைக் கூட்டம் ஒன்று கீச்சிட்டபடி தலைக்குமேல் வளைந்து திரும்பினால் அது பட்ஜெரிகர், நம் வீட்டுக் கூண்டுகளில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் அடைபட்டிருக்கும் அதே பறவை. கூண்டில் காணும் நீல, மஞ்சள் வகைகள் காட்டில் இல்லை, எல்லாம் பச்சை வகைதான். கூட்டம் முழுவதும் ஒரே கணத்தில் திரும்புவதைக் கண்டவர்களுக்குக் கூண்டுப் பறவை வாங்க மனம் வராது.

ஓடையைக் கடந்ததும் மலையிடுக்கின் வாசல். இங்கிருந்து பாதை என்று எதுவும் கிடையாது. மணலும் உருளைக்கற்களும் கொண்ட படுகையில் நீங்களே வழி பார்த்துக்கொள்ள வேண்டும். ஊதா, துரு, வெள்ளை, சாம்பல் என்று கல்லுக்குக் கல் நிறம் மாறும். வழவழப்பாக இருப்பதால் ஈரக் கல்லில் கால் வைக்காதீர்கள். தூரம் குறைவு என்றாலும் இந்தப் பகுதிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நிழல் விழும் இடுக்குகளில் பனை போன்ற ஓலைகளோடு குட்டையாக ஒரு செடி தெரியும்: மெக்டொனல் சைக்காட். இந்த நிலம் ஈரமாக இருந்த காலத்தின் மிச்சம், இடுக்கு நிழலில் ஒதுங்கி இன்றுவரை தாக்குப்பிடித்திருக்கிறது.

பவுண்டில் எங்கோ பெய்யும் மழை முழுவதும் வெளியேற இந்த ஒரே வாசல்தான். மேகம் கருத்திருந்தால், தூரத்தில் இடி கேட்டால், படுகையில் இறங்காதீர்கள்.

நீச்சல்

எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி: முதலை உண்டா? இல்லை. வட பிரதேசத்தின் வடபகுதி ஆறுகளில் முதலை உண்டு, டார்வின் பக்கத்து எச்சரிக்கைப் பலகைகளைப் பார்த்துப் பயந்து வருகிறார்கள். மத்திய ஆஸ்திரேலிய மடுக்களில் கிடையாது. இங்கே ஆளைக் கொல்லக்கூடியது குளிர்தான்.

மேல்மட்டத் தண்ணீரை வெயில் சுடவைத்திருக்கும். அதற்குக் கீழே, காலை நீட்டினால் எட்டும் ஆழத்திலேயே, வெயில் படாத குளிர்நீர். 38 டிகிரி வெயிலில் சூடேறிய உடம்போடு பாய்ந்தால் மூச்சு திடுக்கென்று நின்று, தண்ணீரைக் குடித்துவிடுவோம், தசை பிடித்துக்கொள்ளும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இது நடக்கும். எனவே ஒழுங்கு இப்படி இருக்கட்டும். நடை முடிந்ததும் நிழலில் கால் மணி நேரம் உட்கார்ந்து உடல் சூடு தணியட்டும். மணல் கரையிலிருந்து நடந்தே இறங்குங்கள். முட்டி, இடுப்பு, மார்பு என்று நின்று நின்று. மூச்சு சீரானபின் நீந்துங்கள். மடுவைக் குறுக்கே கடக்க ஆசை வந்தால் மிதவையோடு, துணைக்கு ஒருவரோடு மட்டும். குளிர்காலத்தில் சில நிமிடங்களோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

பாறையிலிருந்து குதிக்கவே கூடாது. நீர்மட்டம் மாதத்துக்கு மாதம் மாறும், தண்ணீர் கலங்கலாக இருக்கும், அடியில் பாறை எங்கே என்று தெரியாது. உதவி வந்து சேர மணிக்கணக்காகும். குழந்தைகளுக்குக் கரையோர மணல்திட்டு பாதுகாப்பான இடம், ஆனால் சட்டென்று ஆழமாகும் என்பதால் கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். கோடைக் கடைசியில் நீர் குறைந்து பாசி பிடித்தால் அறிவிப்பு வைப்பார்கள். அன்று இறங்க வேண்டாம்.

இந்த மடுவில் வாழும் மீன்களுக்கு அடுத்த வெள்ளம் வரும்வரை இதுதான் உலகம். சோப்பு, ஷாம்பு வேண்டவே வேண்டாம். சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு நேராகத் தண்ணீரில் இறங்குவதற்குப் பதிலாக முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள். அரண்டா மக்களுக்கு இது வழிபாட்டுத்தன்மை கொண்ட இடம் என்பதும் நினைவில் இருக்கட்டும். சத்தமாகப் பாட்டுப் போட்டுக் கும்மாளமிடும் கூட்டத்தைக் கண்டால் வாலபிகளும் ஓடும், மற்றவர்களும் முகம் சுளிப்பார்கள்.

நீந்தியபின் துண்டு போர்த்திக்கொண்டு கரையிலேயே இருங்கள். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் இறக்கை விரித்துக் காயும், முக்குளிப்பான் மூழ்கி வேறொரு மூலையில் எழும். ஜீப்ரா சில்லைகள் கூட்டமாகத் தண்ணீர் குடிக்க வரும். வறண்ட நிலத்தில் இந்தச் சில்லைகளின் சத்தம் கேட்டால் பக்கத்தில் தண்ணீர் உண்டு என்று அர்த்தம். வெயிலேறியதும் பெரன்டி உடும்பு பாறைமேல் வரலாம். ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய பல்லியினம், இரண்டு மீட்டருக்கு மேலும் வளரும். வழியை விட்டு விலகி நின்று பாருங்கள், அதற்கு உங்கள்மேல் எந்த அக்கறையும் இருக்காது.

நேரம் மிச்சமிருந்தால்

பக்கத்தில் கிளென் ஹெலன் என்னும் இன்னொரு மலையிடுக்கு இருக்கிறது. ஆர்மிஸ்டன் ஓடை இன்னோர் ஓடையோடு சேர்ந்து ஃபிங்க் ஆறு ஆகும் இடமும் அங்கேதான். உலகின் மிகப் பழைய ஆறுகளில் ஒன்றாக எண்ணப்படுவது. சொண்டர் மலை (1,380 மீட்டர்) அங்கிருந்து விடியலில் அழகாகத் தெரியும். ரெட்பேங்க் கார்ஜுக்குக் கடைசிச் சில கிலோமீட்டர் மண்சாலை; வாடகை ஒப்பந்தம் நினைவிருக்கட்டும்.

திரும்பும் வழியில் ஓக்கர் பிட்ஸில் நிறமண் அடுக்குகளைப் பார்க்கலாம், ஒரு பிடிகூட எடுக்கக் கூடாது. எல்லரி கிரீக் பிக் ஹோல் இன்னொரு நல்ல நீச்சல் மடு, ஆர்மிஸ்டனைவிடக் குளிர்ச்சி என்று எனக்குப் படுகிறது. ஸ்டாண்ட்லி சாஸம் என்னும் குறுகிய மலைப்பிளவு பூங்காவுக்குள் சேராது, அரண்டா குடும்பங்கள் நடத்துவது, தனிக் கட்டணம். நடுப்பகலில் வெயில் நேராக உள்ளே விழும்போதுதான் அதற்கு அழகு. நகருக்கு 18 கி.மீ. முன்னால் சிம்ப்சன்ஸ் கேப். அங்கே நீந்த அனுமதி இல்லை, வாலபி மட்டும் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்க வேண்டாம். இரண்டு போதும்.

குப்பையை உங்களோடே எடுத்துச் செல்லுங்கள். பிற்பகல் 3 மணிக்குமேல் எந்த இடத்திலும் நீண்ட நேரம் நிற்காமல், இருட்டுவதற்குள் நகரைத் தொடும்படி கிளம்புங்கள். சிக்னல் கிடைத்ததும் முதல் அழைப்பு, கிளம்பும்போது யாரிடம் சொல்லிவிட்டு வந்தீர்களோ அவருக்கு; மறந்தால் அவர் அவசர எண் 000ஐ அழைத்துத் தேடச் சொல்லிவிடுவார்.